அறிவித்தலில் பெயர் வேண்டாம்

தொண்டைமானாற்றுப் பக்கம் யார் கண்ணை மூடினாலும் முதலில் குருக்களுக்குச் சொல்வார்கள், அடுத்தது ஞானாம்பிகைக்கு. குருக்களாவது காரியம் முடிய வீட்டுக்குப் போய்விடலாம். ஞானாம்பிகைக்கு அந்தக் கொடுப்பினை இல்லை.

நெல்லியடியில் ஓர் அச்சகத்தில் தட்டச்சு செய்கிறவள் அவள். வயது ஐம்பதை நெருங்குகிறது. கலியாணம் என்ற பேச்சு இடம்பெயர்வுகளுக்கிடையே எங்கோ விட்டுப்போனது. அதற்காக அவள் அழுததாக ஒருவரும் சொல்லமாட்டார்கள். கனடாவில் இருக்கிற பார்த்தீபன் ஊருக்கென்று ஓர் இணையத்தளம் தொடங்கியபோது, "நீங்கள் கைவேகக்காரி, அக்கா" என்று இனிக்க இனிக்கக் கதைத்து, மரண அறிவித்தல் போடுகிற வேலையை அவள் தலையில் கட்டிவிட்டான். ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் 'தொடர்புகளுக்கு' என்று அவளுடைய பெயரும் தொலைபேசி இலக்கமும் நின்றன. அறிவித்தல் போடவும் திருத்தவும் மட்டும் அவளால் முடியும். அந்த அடிவரி உட்பட மற்ற எல்லாம் பார்த்தீபன் கையில்.

எங்கள் அறிவித்தல்கள் உங்களுக்குத் தெரிந்ததுதானே. செத்தவரைப் பற்றி இரண்டு வரி, உறவுகளைப் பற்றி இருபது வரி. பாசமிகு தந்தை, அன்பு மாமா, ஆசைப் பேரன், ஒவ்வொருவருக்கும் பக்கத்தில் நாட்டின் பெயர். ஒருவரை விட்டுவிட்டால் மூன்று தலைமுறைக்குப் பேச்சு நின்றுவிடும்.

லண்டனில் இருக்கிற ஊர்ச் சங்கம் ஒரு விழாவில் தளத்தைத் தொடங்கியவர் என்று வேறு யாருக்கோ பொன்னாடை போர்த்தியது. பார்த்தீபனுக்கு மூக்குக்கு மேல் கோபம். தளம் நம்பத்தகுந்தது என்று காட்டுவதற்கு ஒரு சான்றிதழ் உண்டாம், அதற்குக் காலாவதித் திகதியும் உண்டாம். அந்தத் திகதி வந்தது. "பொன்னாடைக்காரன் பார்க்கட்டும்" என்று அவன் அதைப் புதுப்பிக்காமல் கையைக் கட்டிக்கொண்டு இருந்துவிட்டான்.

அதன்பிறகு தளத்தைத் திறந்தால் சிவப்பாய் ஓர் எச்சரிக்கை. யாரோ உங்கள் தகவல்களைத் திருட முயலக்கூடும் என்றது. வேறு ஊராக இருந்தால் ஏதோ கோளாறு என்று விட்டிருப்பார்கள். சோதனைச் சாவடியில் பெயர் சொல்லி, விலாசம் சொல்லி, வெளிநாட்டில் யார் இருக்கிறார்கள் என்று சொல்லி வளர்ந்த சனம் இது. யாரோ பெயர்களைத் திரட்டுகிறார்கள் என்று ஒரே நாளில் முடிவு கட்டிவிட்டது.

முதலில் வந்தவள் சின்னத்தங்கம். "பிள்ளை, ஆச்சியின்ரை அறிவித்தலிலை என்ரை பெடியன்ரை பேரை எடுத்துவிடு. அவனுக்குப் பிரான்சிலை இன்னும் விசா இல்லை. உவங்கள் பார்த்தால்?"

"உது வெறும் திகதி முடிஞ்ச பிரச்சினை, மாமி."

"உனக்கு ஆர் சொன்னது? உன்ரை பேரும் நம்பரும்தானே அடியிலை கிடக்கு. நீயும் அவங்களோடையோ?"

ஞானாம்பிகை அந்த அறிவித்தலைத் திறந்தாள். பெயரை எடுத்தாள். பிறகு ஒவ்வொருவராக வந்தார்கள். செத்தவர்களின் மருமக்களும் பேரர்களும் அவள் விரலடியில் அழிந்துகொண்டே போனார்கள். இனி வரப்போகிற அறிவித்தல்களிலும் எங்களைப் போடாதே என்று முன்கூட்டியே சொல்லிவிட்டுப் போனவர்களும் உண்டு. அச்சகத்தில் அவள் உள்ளே வந்தால் கதை நின்றது. வேலையை விடவும் வழியில்லை. விட்டாலும் பெயர் அங்கேயே கிடக்கும்.

"தம்பி, என்ரை பேரை மட்டுமாவது எடுத்துவிடும்" என்று பார்த்தீபனிடம் கெஞ்சினாள்.

"உங்களையும் எடுத்தால் அங்கை வேறை ஆர் இருக்கிறது, அக்கா?" என்றான்.

அப்படியிருக்க, ஒரு காலைப்பொழுது பார்த்தீபனின் தகப்பன் இராசநாயகம் போய்ச் சேர்ந்தார். ஞானாம்பிகை பெரியப்பா என்று கூப்பிடுகிற, பெண்சாதி போனபிறகு தனியே இருந்த மனிசன். அடுத்த வளவு என்பதால் பிட்டோ கஞ்சியோ கொண்டுபோய்க் கொடுத்ததும், கடைசியில் கண்ணை மூடிவிட்டதும் அவள்தான்.

பார்த்தீபன் அழுதழுது உறவுகளின் பெயரைச் சொன்னான். சகோதரங்கள், மருமக்கள், பெறாமக்கள், நாலைந்து நாடுகள். அவள் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"தம்பி, இதிலை ஒருத்தரையும் போடேலாது. எல்லாரும் வேண்டாமெண்டு சொல்லிப்போட்டினம்."

"ஏன்?"

"தளத்தைத் திறந்து பாரும், ஏனெண்டு தெரியும்."

அவன் தொலைபேசியை வைத்தான். அவள் ஒரு தேத்தண்ணி ஊற்றிக் குடித்து முடிப்பதற்குள் எச்சரிக்கை மறைந்து, தளம் பாதுகாப்பானது என்று காட்டுகிற பூட்டுப் படம் வந்துவிட்டது. மாதக்கணக்கில் அவளை ஊர் தின்றதற்கு மருந்து இவ்வளவுதானா! அவளுக்கு ஓவென்று கத்தவேண்டும் போலிருந்தது.

"இப்ப எல்லாம் சரி. அவையளிட்டைக் கேளுங்கோ, அக்கா."

கேட்டாள். ஒருவரும் மசியவில்லை. "பூட்டைப் போட்டவனும் அவன்தானே, திறக்கிறவனும் அவன்தானே" என்றாள் சின்னத்தங்கம். செத்தவீட்டுக்கு வருவோம், அழுவோம், பெயர் மட்டும் வேண்டாம் என்றார்கள்.

பார்த்தீபன் களைத்துப்போனான். "அப்ப என்ரை பேரை மட்டும் போடுங்கோ. உங்கடை பேரை அடியிலையிருந்து எடுத்திட்டன். உங்களுக்குச் செய்தது பிழைதான். இதோடை நீங்கள் விட்டிடலாம்."

அவள் பார்த்தாள். உண்மைதான். எல்லாப் பக்கத்திலும் அடிவரி வெறுமையாக இருந்தது. எத்தனை நாள் கேட்டுக் கிடந்த விடுதலை! மூச்சு இலேசாகவும் வந்தது.

அறிவித்தலைத் தட்டினாள். இராசநாயகத்தின் படத்துக்குக் கீழே, 'பார்த்தீபனின் (கனடா) பாசமிகு தந்தையும் ஆவார்' என்று ஒற்றை வரி. எண்பது வயது மனிசனுக்கு உலகத்தில் ஒரே ஓர் ஆள், அதுவும் தகனத்துக்கு வந்துசேர முடியாத ஆள். நாதியற்றவர் என்று எழுதியது போலிருந்தது. அவளால் அதைப் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை.

'ஞானாம்பிகையின் (தொண்டைமானாறு) அன்புப் பெரியப்பாவும்' என்று சேர்த்தாள். உடம்பு கிடக்கிற வீட்டுக்கு வழி கேட்பவர்களுக்கு ஊரில் ஓர் இலக்கம் வேண்டும். தொடர்புகளுக்கு என்று தட்டி, தன்னுடைய இலக்கத்தையே போட்டாள். ஐந்து நிமிடத்தில் தொலைபேசி அடிக்கத் தொடங்கியது.