இடது கைக்கு இரண்டு மணி நேரம்

வளைகுடாவில் ஏசி மெக்கானிக் வேலை எனக்கு. மகளுக்கு ஐந்து வயதாகும்போது இரண்டு மாத விடுப்பில் ஊருக்கு வந்தேன். பிறந்ததிலிருந்தே அவளுக்கு உடம்பின் இடது பக்கம் தளர்ச்சி. காலை லேசாக இழுத்து நடந்துவிடுவாள். கைதான் மோசம். முழங்கை மடங்கி, கட்டைவிரல் உள்ளே போய், முஷ்டி எப்போதும் இறுகியே இருக்கும். வீடியோ காலில் வலது கையை மட்டும் ஆட்டிப் பேசுவாள். மற்ற கையைப் பற்றிக் கேட்காமல் இருக்க நானும் பழகியிருந்தேன்.

வந்த மறுநாள் காலையில், மனைவி அவளுடைய நல்ல கையில் ஒரு துணி உறையை மாட்டி மணிக்கட்டில் கட்டினாள். தக்கலையில் பயிற்சி தரும் பெண் சொல்லிக்கொடுத்தது. தினமும் இரண்டு மணி நேரம் எதை எடுப்பதானாலும் இடது கையால்தான். மகள் அந்த உறைக்குச் 'சாக்கு' என்று பெயர் வைத்திருந்தாள். தோசையைப் பிய்க்கப் பார்த்தாள், தட்டுதான் நகர்ந்தது. குனிந்து வாயால் கவ்வினாள். பிறகு அழுதாள்.

நான் உறையைக் கழற்றி எறிந்துவிட்டு ஊட்டிவிட்டேன். "பிள்ள கரையுதது ஒனக்குக் கேக்கலியா?" என்று மனைவியிடம் கத்தினேன்.

அவள் கத்தவில்லை. "ஒரு வாரமா நான் தெனமும் கேக்கேன். நீங்க ரெண்டு மாசத்துல போயிருவிய. பொறவு யாரு ஊட்டுவா? பள்ளிக்கூடத்துல யாரு பட்டன் போட்டு விடுவா?"

அடுக்களைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டாள். பாத்திரம் கழுவும் சத்தம் வரவில்லை.

அடுத்த தடவை பயிற்சிக்கு மகளைப் பஸ்ஸில் நானே தக்கலைக்குக் கூட்டிப் போனேன். நடந்ததைச் சொன்னேன். பயிற்சி தரும் பெண் திட்டவில்லை. "அழுதுக்கிட்டே செஞ்சா பிரயோஜனம் இல்லண்ணே. வெளையாட்டா மாத்துங்க" என்றார்.

"அப்பாவுக்கும் சாக்கு வேணும்" என்றாள் மகள். மனைவி பழைய லுங்கியில் எனக்கொன்று தைத்தாள். இருவரும் வலது கையை மூடிக்கொண்டு, தட்டிலிருந்து புளியங்கொட்டையைப் பொறுக்கி டம்ளரில் போட்டோம். நான் மெதுவாகப் பொறுக்கினால் கண்டுபிடித்துவிடுவாள். "நீங்க வேணும்னே தோக்கிய!"

மூன்றாவது வாரம் ஒருநாள் கட்டைவிரல் வெளியே வந்தது. ஒரு கொட்டையைப் பிடித்து டம்ளருக்கு மேலே கொண்டுபோய்விட்டாள். ஆனால் பிடி திறக்கவில்லை. "விடு மக்களே, விடு" என்றேன்.

"சத்தம் போடாதீங்கப்பா. கைக்கு இப்பதான் கேக்குது."

மனைவி கரண்டியோடு வாசலில் வந்து நின்றாள். மூவரும் காத்திருந்தோம். கொட்டை விழுந்தது.

அதற்குப் பிறகு தக்கலையில் உறையை நிறுத்தச் சொல்லிவிட்டு, இரண்டு கையும் சேர்ந்து செய்யும் வேலைகளைக் கொடுத்தார்கள். அதில் ஒன்று வாழைப்பழம் உரிப்பது. இடது கை பிடிக்க வேண்டும், வலது கை உரிக்க வேண்டும். சின்ன மட்டிப்பழத்தை இடது கை நசுக்கிக் கூழாக்கிவிடும். நான் திரும்பிப் போகும்வரை முழுசாக ஒரு பழம்கூட வரவில்லை.

பட்டன் இன்றைக்கும் அவளுக்குப் பாதிதான் வசப்படும். இடது கை வலது கையைப்போல ஆகிவிடாது என்று அந்தப் பெண் முதலிலேயே சொல்லியிருந்தார். ஆனால் போன மாதம் வீடியோ காலில் மகள் ஒரு பழத்தோலைத் தூக்கிக் காட்டினாள், இடது கையால்.

"பழம் எங்க மக்களே?"

"தின்னாச்சு."

"பழம் நசுங்கவே இல்ல" என்று பின்னாலிருந்து மனைவியின் குரல்.

இன்னொன்று உரித்துக் காட்டச் சொல்லிக் கெஞ்சினேன். "வயிறு நெறஞ்சாச்சு" என்று போனை அம்மாவிடம் கொடுத்துவிட்டு வெளியே ஓடினாள்.