வலை கனத்த நாள்

கடல் தண்ணீரில் ஊறிய கயிறு உள்ளங்கையில் முதலில் சுடும், அப்புறம் அரிக்கும், அதற்கப்புறம் கை என்று ஒன்று இருப்பதே மறந்துபோகும். நொச்சிக்குப்பத்தில் பெரிய வலை இழுத்தவர்களுக்கு இது தெரியும், மற்றவர்கள் என் பேச்சை நம்பித்தான் ஆகவேண்டும். படகு கடலுக்குள் போய் வலையை வளைத்துப் போட்டுவிட்டு வரும், கரையில் இரண்டு பக்கமும் ஊரே கயிற்றைப் பிடித்து இழுக்கும். கயிறு பிடித்தவர் எல்லாருக்கும் பங்கு உண்டு. எங்களைப் போன்ற பொடிசுகளுக்குப் பாவாடை மடியில் ஒரு 'கைப்பிடி' விழும். நான் கயிற்றை இழுத்தேனா, கயிறு என்னை இழுத்ததா என்று யாரும் ஆராய்ந்ததில்லை.

அப்போது எனக்கு ஒன்பது வயது இருக்கும். அன்றைக்கு மதியம் என் அக்கா செல்வியைப் பெண் கேட்டுக் காசிமேட்டிலிருந்து மாப்பிள்ளை வீட்டார் சாப்பாட்டுக்கு வருவதாக இருந்தது. பத்து நாளாகக் கடலில் ஒன்றும் அகப்படவில்லை. மீன் பிடிக்கிற வீட்டுக்குப் பெண் கேட்டு வருகிறவர்கள் இலையில் மீன் இல்லையென்றால், அந்த வீட்டில் பெண்ணும் வேண்டாம் என்று எழுந்துவிடுவார்கள். அதனால் வெளியூரிலிருந்து வரும் 'ஐஸ் மீன்' வாங்கவாவது அம்மா காலையிலேயே சிந்தாதிரிப்பேட்டை சந்தைக்குப் புறப்பட்டுக்கொண்டிருந்தாள்.

கரையில் கயிறு கனத்தது. கனம் என்றால் அப்படியொரு கனம், பெரியவர்களின் கால்களே மணலில் கணுக்கால்வரை புதைந்தன. ஒருவரும் வாய் திறக்கவில்லை. வலை கரையேறும்வரை மீன் பேரைச் சொன்னால் மீன் திரும்பிப் போய்விடும் என்பது எங்கள் கரையின் நம்பிக்கை. அப்பா, எங்களுக்கு அவர் நைனா, அவர் மட்டும் என் பக்கம் திரும்பி, "வாயத் தொறக்காம இழு," என்றார். அவர் சொல்லியிருக்காவிட்டால் எனக்கு வாய் இருக்கும் ஞாபகமே வந்திருக்காது. கயிற்றை விட்டுவிட்டு வீட்டுக்கு ஓடினேன்.

"எம்மா, போவாத! வலை செம கனமா கீது. வஞ்சிரம் வந்துக்கினு கீது!"

கரையோரம் போடுகிற வலையில் வஞ்சிரம் வந்து விழாது என்பது எனக்கும் தெரியும். சொல்வதுதான் சொல்கிறோம், கொஞ்சம் பெரிய மீனாகவே சொல்லலாமே என்று தோன்றியது.

"நைனா சொல்ச்சா?" என்றாள் அம்மா.

"ஆமா, சொல்ச்சு."

நைனா சொன்னது வேறு, ஆனால் சொன்னது சொன்னதுதானே. அம்மா கூடையை இறக்கிவைத்துவிட்டு அம்மியின் முன் உட்கார்ந்தாள். சேதி சுவரைத் தாண்டியதும் பக்கத்து வீட்டு அம்மியில் குழவி உருண்டது, அப்புறம் எதிர் வீடு, அப்புறம் தெரு முழுக்க. அக்கா தலையில் பூ வைத்துக்கொண்டு, வழக்கத்துக்கு மாறாக வலிக்காமல், என் கன்னத்தைக் கிள்ளினாள்.

நான் திரும்பிப் போனபோது வலை கரையேறியிருந்தது. உள்ளே அத்தனையும் சொறி மீன். கண்ணாடிக் களி மாதிரி, தொட்டால் உடம்பெல்லாம் தடிக்கும், சமைக்கவும் உதவாது, விற்கவும் உதவாது. யாரும் யாரையும் திட்டவில்லை. "சரி, உதறுங்கடா," என்றார் நைனா. அவ்வளவுதான். வீடு திரும்பும்போது தெருமுனையில் நின்று காற்றை முகர்ந்தார், பிறகு மெதுவாகக் குனிந்து என்னைப் பார்த்தார்.

"இன்னாடி இது, தெருவே மணக்குது?"

இனிமேல் சந்தைக்குப் போய்வர நேரமில்லை. அரைத்த மசாலாவில் கத்திரிக்காயும் மாங்காயும் போட்டு, மீன் இல்லாமலே மீன் குழம்பைக் கொதிக்கவைத்தாள் அம்மா. என்னை ஏறெடுத்தும் பார்க்கவில்லை, அடித்திருந்தால் தேவலை. அக்கா தலையிலிருந்த பூவை எடுத்து ஜன்னலில் வைத்துவிட்டாள். ஏமாற்றம் என்றால் என்னவென்று எனக்குத் தெரிந்தது சொறி மீனைப் பார்த்தபோது இல்லை, அந்தப் பூவைப் பார்த்தபோதுதான்.

மாப்பிள்ளையின் அம்மா காசிமேட்டில் கூடை வைத்து மீன் விற்கிறவர், இரண்டு ஆள் அகலம். சோற்றில் குழம்பை ஊற்றி, விரலால் நாலு பக்கமும் துழாவினார்.

"இன்னாம்மே, கொழம்புல மீனு ஒளிஞ்சுக்கினு கீதா?"

அம்மா தரையைப் பார்த்தாள். நைனா கூரையைப் பார்த்தார். நான் கதவுக்குப் பின்னாலிருந்து வெளியே வந்தேன்.

"நான்தான் அத்த. வலை கனமா கீதுன்னு சொல்லி அம்மாவ சந்தைக்குப் போவவுடாம பண்ட்டேன்."

"வலைல இன்னா வந்துச்சு?"

"சொறி."

"எம்மாம் நேரம் நம்பிக்கினு இருந்த?"

"கரைக்கு வர்ற வரிக்கும்."

அவர் உடம்பு முதலில் குலுங்கியது, சிரிப்பு அப்புறம்தான் வந்தது. "நானு இருவது வருசமா கரைல கூடைய வச்சிக்கினு நம்பிக்கினு கீறேன்டி!" என்று சொல்லி, அம்மா பக்கம் இலையைத் தள்ளினார். "ஊத்து சம்மந்தி, இன்னும் ரெண்டு கரண்டி."

சம்பந்தி என்ற சொல் காதில் விழுந்ததும் அம்மா கரண்டியைத் தேடினாள், அது அவள் கையிலேயே இருந்தது.

இப்போது எங்கள் கரையில் பெரிய வலை போடுவது அபூர்வம். ரோட்டோரம் இருந்த மீன் கடைகள் கட்டடத்துக்குள் போய்விட்டன, தெருவில் மிக்ஸி சத்தம்தான். போன வாரம் அக்கா மகன் கடலுக்குள் படகிலிருந்தே போன் செய்து, "ஒன்னியும் இல்ல சித்தி, கறிக்கடைக்குப் போய்டு," என்றான். நான் புளியைக்கூட ஊறப்போடவில்லை. அந்தக் காலத்தில் நாங்களும் வெறுங்கையோடு வீடு திரும்பினோம், ஆனால் அதற்கு முன்னால் இரண்டு மணி நேரம் எல்லாரும் சேர்ந்து மீனோடு இருந்தோம். இந்தப் பிள்ளைகளுக்கு ஏமாற்றம் மட்டும் நேராக வந்து சேர்கிறது.