தண்ணீர் படாத கல்

மூன்று விரல் நுனிகள் கண்ணாடித் துண்டின் முதுகில் இருந்தன. அழுத்தவில்லை, இருந்தன, அவ்வளவுதான். கண்ணாடியின் அடியில் ஒட்டியிருந்த கல், சாணைத்தூள் தூவிய தட்டின் மேல் எட்டுப் போட்டபடி நகர்ந்தது. இருபது எட்டு. பிறகு ஸ்பிரிட் நனைத்த துணியால் ஒரு துடைப்பு, வெளிச்சத்தில் ஒரு பார்வை, மறுபடி இருபது எட்டு. வலப்பக்கம் எப்போதும் இருக்கும் தண்ணீர் மக்கு இன்று அங்கே இல்லை. அந்தக் கைகளே காலையில் அதைக் கொண்டுபோய் வாசலில் கவிழ்த்து வைத்திருந்தன.

“ராஜாத்தியக்கா, கல்லுக்குச் சாராயம் ஊத்துறியாமே?” கட்டிங் மிஷின் ஓட்டும் கோபி அங்கிருந்தே கத்தினார். “எனக்கும் ஒரு மூடி ஊத்து.”

“குடிச்சா கண்ணு போயிடும். அப்புறம் உன் மிஷின யார் ஓட்டறது?”

ராஜாத்தி நிமிரவில்லை.

அவருக்கு மத்திகிரியில் வாடகை வீடு. பிறந்தது தேன்கனிக்கோட்டைப் பக்கம். அப்பாவும் அம்மாவும் அடுத்தவர் நிலத்தில் ராகி அறுத்தவர்கள். பத்தொன்பது வயதில் பாகலூர் ரோட்டிலுள்ள இந்தக் கிரானைட் பட்டறைக்கு வந்தார். இப்போது நாற்பத்தொன்று. பலகைக் கல்லின் ஓரங்களைப் பாலிஷ் செய்வதுதான் வேலை. ஆனால் யாரும் கேட்காத ஒரு காரியத்தைச் சாப்பாட்டு நேரங்களில் செய்து வந்தார். உடைந்த சில்லு ஒன்றை எவ்வளவு மெலிதாகத் தேய்க்க முடியும் என்று பார்ப்பார். பெரும்பாலும் நொறுங்கிப் போகும். ஏன் நொறுங்கியது, எந்த ஓரத்தில் தொடங்கியது என்று பார்த்துவிட்டுத்தான் குப்பையில் போடுவார். ஆறேழு வருடம் கழித்து ஒருநாள், கறுப்புக் கிரானைட் சில்லின் வழியாக ட்யூப் லைட் தெரிந்தது. அதைக் கண்ணாடியோடு ஜன்னல் கம்பியில் செருகி வைத்தார்.

பெங்களூரில் ஒரு பாறை ஆய்வுக்கூடத்தில் வேலை பார்க்கும் பிரியதர்ஷினி, கல் அறுத்து வாங்க வந்த இடத்தில் அந்த ஜன்னலைப் பார்த்து நின்றுவிட்டார்.

“இது யாரு தேய்ச்சது?”

“நாந்தாங்க மேடம். எடுத்துடணுங்களா?”

“எடுக்கவே எடுக்காதீங்க அக்கா.”

அடுத்த மாதம் அவர் ஒரு சின்ன டப்பாவோடு வந்தார். உள்ளே கடலைப் பருப்பு அளவில் இரண்டு சில்லுகள். வானத்திலிருந்து விழுந்த ஒரு கல்லின் துண்டுகள். விண்கலம் ஒன்று, சூரியனைச் சுற்றும் குட்டிப் பாறை ஒன்றில் மணல் அள்ளி வந்திருந்தது. அந்த மணலை ஆய்வுக்கூடங்களுக்குக் குருணை குருணையாகத் தரப்போகிறார்கள். கேட்பவர்கள் முதலில், விழுந்த கல் ஒன்றை முடியில் மூன்றில் ஒரு பங்கு தடிமனுக்குக் கெடாமல் தேய்த்துக் காட்டவேண்டும்.

“எங்க மிஷின்ல நாலு போயிருச்சுக்கா. இந்த ரெண்டுதான் மிச்சம். இதுவும் போச்சுன்னா அந்தக் குருணை நமக்கில்ல.”

முதல் சில்லு அருமையாக வந்தது. வேலை முடிந்ததும் ராஜாத்தி, இருபத்திரண்டு வருடப் பழக்கத்தில், அதை மக்குத் தண்ணீரில் ஒரு முக்கு முக்கி எடுத்தார். கிரானைட்டுக்குத் தண்ணீர் இல்லாமல் கை வைப்பதே கிடையாது. மறுநாள் காலை சில்லில் பழுப்புப் புள்ளிகள். போன் போட்டார்.

“மேடம், கல்லு துருப் பிடிச்சிருக்குதுங்க. கல்லு எங்கயாச்சும் துருப் பிடிக்குங்களா?”

பிரியதர்ஷினி அன்றே பஸ் ஏறி வந்தார்.

“தப்பு என்னுதுக்கா. சொல்லாம விட்டுட்டேன். அதுக்குள்ள இரும்புப் பொட்டு இருக்குது. நம்ம தண்ணி பட்டதும் துரு.”

“அந்த மணல்லயும் இரும்பு இருக்குங்களா?”

“இருக்கலாம். அதவிட, அதுல தண்ணி இருக்குதான்னுதான் நாங்க தேடறோம். கல்லுக்குள்ளயே கட்டுண்ட தண்ணி. நம்ம கடலுக்குத் தண்ணி எங்கிருந்து வந்துச்சுன்னு அதுல தெரியலாம். இந்தச் சில்லு தானா விழுந்தது. காத்துல எரிஞ்சு, மழையில நனைஞ்சு கிடந்துச்சு. இதுல இருக்கிற ஈரம் அங்கத்ததா, இங்கத்ததான்னு சந்தேகம் தீராது. மணலு அப்படியில்ல. அங்கயே அள்ளி, அங்கயே மூடிக் கொண்டாந்தது.”

“அதுல போயி நான் போர் தண்ணிய ஊத்தியிருப்பேன்!” ராஜாத்தி நெற்றியில் அடித்துக்கொண்டார். பிறகு இருவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. “வயசு என்ன இருக்குங்க இதுக்கு?”

“நம்ம கிருஷ்ணகிரிக் கல்லுக்கு எரநூத்தம்பது கோடி வருசம். இது நானூத்தம்பது கோடிக்கும் மேல.”

“அப்ப மரியாதையா தேய்க்கணும்.”

அந்த மரியாதைதான் இன்று மக்கைக் கவிழ்த்தது. இது கடைசிச் சில்லு.

பிரியதர்ஷினி கொடுத்திருந்த, வெளிச்சத்தை வடிகட்டும் இரண்டு கறுப்பு பிளாஸ்டிக் தாள்களுக்கு நடுவே கண்ணாடியை வைத்து ஜன்னலுக்கு நேரே பிடித்தார். கல்லின் மணிகள் சில ஆரஞ்சாகத் தெரிந்தன. இன்னும் தடிமன். அவை வைக்கோல் நிறத்துக்கு வெளுக்கவேண்டும். அதற்கு மேல் தேய்த்தால் சில்லே இருக்காது. பத்து எட்டு. மஞ்சள். ஐந்து எட்டு. வெளிர் மஞ்சள். மிஷினை நிறுத்திவிட்டுக் கோபி பின்னால் வந்து நின்றிருந்தார்.

“இன்னும் ரெண்டு போடலாம்க்கா.”

“மூச்சு விடாத.”

ஒரே ஒரு எட்டு. துடைத்தார், பிடித்தார். வைக்கோல்.

“சாக்கு,” என்றார் ராஜாத்தி. போதும் என்பதற்கு, கன்னட எல்லையை ஒட்டிய அந்தப் பட்டறையில் எல்லாரும் சொல்வது இந்தக் கன்னடச் சொல்தான்.

தாள்களை மெல்லத் திருப்பினார். வைக்கோல் நிறத்துக்கு நடுவே உருண்டை உருண்டையாக நீலம், ரோஸ், பச்சை. மழைத் தேங்கலில் லாரி டீசல் படர்ந்தது போல. அதைப் பார்க்கப் பட்டறையே வரிசை கட்டியது.

“இத்தன கலரையும் உள்ள வெச்சிகிட்டு வெளிய கரிக்கட்டை மாதிரி இருந்திருக்குது பாரு,” என்றார் கோபி.

“உன்ன மாதிரி இல்ல. உனக்கு உள்ளயும் கரிதான்.”

மூன்று மணிக்கு ஆட்டோ வந்து நின்றது. வெளியே தூறல். பிரியதர்ஷினி ஓடிவந்து, ராஜாத்தி பிடித்துக் காட்டிய தாள்களின் வழியே பார்த்தார். ஓரத்திலிருந்து ஓரம் வரை, பொறுமையாக. பிறகு ராஜாத்தியின் தோளைப் பிடித்து உலுக்கினார்.

“வந்துருச்சுக்கா! ஒரு கீறல் இல்ல! குடுங்க, குடுங்க.”

ராஜாத்தி சில்லை டப்பாவில் வைத்து மூடினார். பிரியதர்ஷினி கை நீட்டியதும் டப்பாவைச் சட்டென்று பின்னால் இழுத்துக்கொண்டார்.

“கை ஈரம் மேடம்.”

பிரியதர்ஷினி தன் கையைப் பார்த்தார். துப்பட்டாவில் துடைத்தார், உள்ளங்கை, புறங்கை, விரல் இடுக்கு. மறுபடி நீட்டினார். ராஜாத்தி அதைத் தன் விரலால் ஒருமுறை தொட்டுப் பார்த்துவிட்டு, டப்பாவை அதில் வைத்தார்.