பேரனை நிறுத்திய குழி

பேரன் ஒரு வயதைத் தாண்டியும் நிற்கவில்லை. தீப்பெட்டி ஆபீஸ் வேலைக்குப் போய்வரும் மருமகள், "டாக்டர்ட்ட காட்டுவோமா அத்தை?" என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். "எங்க வம்சத்துல நொண்டி கிடையாதுட்டி" என்று அடக்கினேன். வீட்டுக்குப் பின்னால் இடுப்பளவு குழி தோண்டி, கால் உறுதிப்படட்டும் என்று தினமும் அவனை அதில் நிறுத்தினேன்.

ஏழெட்டு மாதம் கழித்துப் பார்த்த டாக்டர், இடுப்பு மூட்டு பிறவியிலேயே விலகியிருக்கிறது என்றார். "முன்னாடியே வந்திருந்தா மாவுக்கட்டுலயே சரியாகியிருக்கும். ஏம்மா இவ்வளவு லேட்டு?"

மருமகள் என் பக்கம் திரும்பவே இல்லை. "எனக்குத்தான் வெவரம் தெரியல சார்" என்றாள். அவர் அவளைத் திட்டினார். பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு நான் பேசாமல் இருந்தேன்.

ஆபரேஷன் செய்தும் சாய்ந்துதான் நடக்கிறான். பள்ளிக்கூடத்தில் மற்ற பிள்ளைகள் அவனைக் கேலி செய்த அன்று, "எல்லாம் ஒன்னாலதாம்மா" என்று தாயிடம் கத்தினான். அன்றும் நான் வாயைத் திறக்கவில்லை. பெரிய மனுஷி என்ற பெயர் எனக்கு அவ்வளவு பெரிதாக இருந்தது.