முள் ஏறிய காலை

யூஜின் செத்துப்போன பிறகு அவன் லாரியை என்ன செய்வது என்ற கேள்விக்கு பெங்களூர் ஆஸ்டின் டவுனில் எல்லாரிடமும் ஒரே பதில்தான் இருந்தது. அண்ணன் பெர்னார்டிடம் கொடுத்துவிட வேண்டியது. பெர்னார்டுக்கு ஒக்கலிபுரத்தில் ஏற்கெனவே இரண்டு லாரி. மூன்றாவதை நிறுத்த இடம்கூடப் பார்த்து வைத்துவிட்டான். யூஜினின் மனைவி அல்போன்சா மட்டும் மாட்டேன் என்றாள். கல்யாணத்துக்கு முன் அவள் கார்மென்ட்ஸில் சட்டைக் காலர் தைத்தவள். தைத்தது கோணல் என்று பிடறிக்குப் பின்னால் நின்று சூப்பர்வைசர் கத்தும்போது, பக்கத்து மிஷின்காரிகள் தலையைக் குனிந்துகொள்வார்கள். அந்த இடத்துக்குத் திரும்பிப் போவதைவிடத் தெருவில் நிற்கலாம் என்று அவளுக்கு இருந்தது. லாரி ஓடினால் போக வேண்டியதில்லை.

“கிறிஸ்மஸ் வரைக்கும் ஓட்டிப் பாரு,” என்றான் பெர்னார்ட். “ஆகலைன்னா வெளியாளுக்குப் போகக்கூடாது. எனக்குத்தான்.”

“சரி மாமா,” என்றாள்.

டிரைவர் சந்திரன் யூஜினிடம் கிளீனராக வந்து ஸ்டியரிங் பிடித்தவன். அவளை அண்ணி என்றுதான் கூப்பிடுவான். எலக்ட்ரானிக் சிட்டியில் கண்ணாடிக் கட்டடங்கள் எழும்பிக்கொண்டிருந்த காலம் அது. ஜல்லி லோடுக்குக் குறைச்சலில்லை. ஆனால் வருகிறதையெல்லாம் டீசல் குடித்தது. யூஜின் இருந்தபோதும் அப்படித்தான் குடித்ததா என்று அவளுக்குத் தெரியாது. அவன் வீட்டில் லாரிப் பேச்சு எடுத்ததே இல்லை.

டீசல் எங்கே போகிறதென்று பார்க்க அவளே கேபினில் ஏறி உட்கார்ந்தாள். மடியில் சோற்று டப்பா, கண் முழுக்கச் சந்திரன் மேல். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வெளியே வரும்போது பெண்கள் கிண்டலடித்தார்கள். “என்ன அல்போன்சா, கிளீனர் வேலை பர்மனென்ட் ஆயிடுச்சா?” அவள் சிரித்து வைத்தாள். சந்திரன் முதல் வாரம் ஏதாவது பேசிக்கொண்டு வந்தான். பிறகு பேச்சு நின்றது. டீக்கு வண்டியை நிறுத்துவதும் நின்றது, அதற்கும் அவள் ஏதாவது அர்த்தம் எடுப்பாளென்று.

ஒருநாள் ஜல்லி ஏற்றும் இடத்தில், கூலியாட்கள் சுற்றி நிற்கையில் கேட்டுவிட்டாள். “டீசலை எங்கடா விக்கிற?”

ஆட்களில் ஒருவன் சிரித்தான். சந்திரன் திரும்பிப் போய்த் தார்ப்பாயை இழுத்துக் கட்டினான்.

காலையில் வண்டி வெள்ளைப் புகையாகக் கக்கத் தொடங்கியதால்தான் ஈஜிபுராவில் மெக்கானிக் கோவிந்தப்பாவின் ஷெட்டுக்குப் போனார்கள். கோவிந்தப்பா கன்னடக்காரர், ஆனால் தமிழில்தான் ஏசுவார். ரேடியேட்டருக்குத் தண்ணீர் போகும் வழியைப் பிரித்துப் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

“வால்வே இல்லையேம்மா இங்க.”

அவர் சொன்னது இதுதான். இன்ஜின் சூடாகும் வரைக்கும் தண்ணீரை ரேடியேட்டர் பக்கம் விடாமல் பிடித்து வைக்க ஒரு வால்வு உண்டு. அது இல்லாவிட்டால் தண்ணீர் எந்நேரமும் சுற்றிச்சுற்றி இன்ஜினை ஆறவைத்துக்கொண்டே இருக்கும். பெங்களூர்க் குளிரில் அது சூடேறவே ஏறாது. ஆறின இன்ஜின் புகைவிடும், டீசலைக் கண்டபடி குடிக்கும். ஹீட் ஆகாமல் இருக்கட்டும் என்று வால்வைப் பிடுங்கி எறிவது லாரிக்காரர்களின் வழக்கம். இதையும் யாரோ அப்படித்தான் செய்திருக்கிறார்கள்.

“யாரு எடுத்தது?”

சந்திரன் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னான், “யூஜின் அண்ணன்தான்.”

டீசலை யாரும் திருடவில்லை என்பது அந்த ஷெட்டில் இருந்த மூன்று பேருக்கும் அப்போது விளங்கிவிட்டது. சந்திரன் பழந்துணியில் கையைத் துடைத்தான். கை சுத்தமான பிறகும் துடைத்துக்கொண்டே நின்றான். தப்பா நினைச்சுட்டேன் என்று ஒரு வார்த்தை சொல்லிவிடலாம் என்று அல்போன்சாவுக்குத் தோன்றாமல் இல்லை. ஆனால் சம்பளம் கொடுக்கிறவர்கள் வாங்குகிறவர்களிடம் அந்த வார்த்தையைச் சொல்லி அவள் எங்கேயும் கேட்டதில்லை. “புதுசு போட்டுடுங்க,” என்று கோவிந்தப்பாவிடம் சொன்னாள்.

வால்வை மாட்டி முடித்ததும் அவர் டேஷ்போர்டில் இருந்த ஹீட் மீட்டரைக் காட்டினார். “இனிமே இதப் பாத்துக்கிட்டே இருக்கணும்மா. ஜாஸ்தி ஏறுச்சுன்னா உடனே நிறுத்திடுங்க.” ஜாஸ்தி என்றால் எவ்வளவு என்று அவள் கேட்கவில்லை. லாரி வைத்திருப்பவளுக்கு அதைச் சொல்ல வேண்டுமென்று அவருக்கும் தோன்றவில்லை.

மறுநாள் காலை ஓசூர் ரோட்டில் போகும்போது அவள் கண் சந்திரனை விட்டு மீட்டருக்குப் போயிருந்தது. அவள் ஏறி உட்கார்ந்த நாளிலிருந்து அந்த முள் அடியிலேயே கிடந்ததைத்தான் பார்த்திருக்கிறாள். மடிவாளாவில் அது லேசாக எழுந்தது. பொம்மனஹள்ளி வருவதற்குள் பாதிக்கு வந்துவிட்டது.

“நிறுத்துடா.”

“அது அப்படித்தான் அண்ணி, புது வால்வு…”

“உன்ன விளக்கம் கேக்கல. நிறுத்து.”

ஓரமாக நிறுத்தினான். ரேடியேட்டரில் இருந்த சுடுதண்ணியை எல்லாம் இறக்கிவிட்டுப் பச்சைத்தண்ணி ஊற்றச் சொன்னாள். அவன் இறங்காமல் அவள் முகத்தைப் பார்த்தான். “ஊத்தட்டுமா அண்ணி?” ஊத்து என்றாள். டீக்கடை டிரம்மில் ஒரு பக்கெட் மொண்டு வந்தான். ரேடியேட்டருக்கு அடியில் இருந்த குழாயைத் திறந்ததும் கொதிநீர் ஆவியோடு தார் ரோட்டில் ஓடியது. பக்கெட்டைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு இன்னொரு தரம் கேட்டான். “ஊத்தட்டுமா?”

“எத்தன வாட்டிடா கேப்ப? ஊத்து.”

ஊற்றினான். உள்ளே எங்கேயோ டணக்கென்று ஒரு சத்தம், கெட்டிக் கண்ணாடி விரிசல் விடுகிற மாதிரி. திரும்ப ஸ்டார்ட் செய்ததும் ரேடியேட்டரில் தண்ணீர் குமிழியிட்டது. ஆயில் கம்பியை உருவிப் பார்த்தால், ஆயிலில் தண்ணீர் கலந்து பால் விட்ட காப்பி நிறம்.

சூட்டில் பச்சைத்தண்ணி பட்டு, இன்ஜினின் மேல்மூடியான ஹெட் விரிசல் விட்டிருந்தது. கோவிந்தப்பா தலையில் அடித்துக்கொண்டார். முள் பாதியில் நின்றால் அதுதான் சரியான சூடு, இது குழந்தைக்கும் தெரியுமே என்றார். இந்தக் காரியத்தைச் செய்தது யார் என்று கேட்டார்.

“சந்திரன்தான் ஊத்தினான்,” என்றாள் அல்போன்சா.

பொய்யில்லை. சந்திரனும் இல்லையென்று சொல்லவில்லை. ஷெட் வாசலுக்குப் போய் ரோட்டைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

கிறிஸ்மஸுக்கு முன்னாலேயே பெர்னார்ட் வந்துவிட்டான். சொன்னபடி லாரி இனி அவனுக்கு. வேறு ஹெட் மாட்ட ஏற்பாடு செய்தான். வால்வு என்கிற பீடையை மறுபடி வைக்கவே கூடாது என்று கோவிந்தப்பாவிடம் கண்டிப்பாகச் சொன்னான். அவரும் வாதாடவில்லை. பூசைக்கு வரும் பெண்களுக்கு விஷயம் எளிதாக இருந்தது. பொம்பளை கேபினில் ஏறினாள், வண்டி படுத்துவிட்டது. வண்டியோடு பழகினவன் என்று சந்திரனை பெர்னார்டே வேலைக்கு வைத்துக்கொண்டான்.

வண்டியை எடுத்துப்போக வந்ததும் சந்திரன்தான். அல்போன்சா சாவியைக் கையிலேயே வைத்துக்கொண்டு கேட்டாள்.

“பாதியில நின்னா சரின்னு உனக்குத் தெரியுந்தானே?”

“தெரியும் அண்ணி.”

“அப்புறம் ஏன்டா ஊத்தின?”

“ரெண்டு வாட்டி கேட்டேன்,” என்றான். “மூணாவது வாட்டி கேக்க மனசு வரல.”

கையை நீட்டினான். சாவியைக் கொடுத்தாள். அன்றைக்கு ஷெட்டில் சொல்லாமல் விட்ட வார்த்தையை இப்போது சொல்லிவிடத்தான் நினைத்தாள். ஆனால் வாய் திறந்தபோது வெளியே வந்தது வேறு.

“பாத்து ஓட்டு,” என்றாள், முதலாளிக் குரலில்.

அவன் ஏறி உட்கார்ந்து வண்டியைக் கிளப்பினான்.