லூர்துநாதன் கட்டிய மிதப்பு

என் வீட்டுக்காரர் லூர்துநாதன் தூத்துக்குடிக் கரையிலிருந்து கப்பலேறிப் போர்ட்பிளேர் வந்தவர். தன் கையாலேயே ஒரு டோங்கி செய்தார். இந்தத் தீவில் சின்ன மரப்படகுக்கு அதுதான் பெயர். எங்கள் சோறு அதில்தான். அதை எப்படிப் பிடுங்கினார்கள் என்று சொல்கிறேன். இன்றைக்கும் வயிறு எரிகிறது.

அறுபத்தேழாம் வருஷம், மழை விட்ட ஒரு காலை. சாத்தம் தீவுப் பக்கம் கரையில் நான் வலை உலர்த்திக்கொண்டிருந்தேன். அவர் கடலில் இருந்தார். ஒரு சின்ன விமானம் சத்தமே இல்லாமல் தாழ வந்தது. இன்ஜின் நின்றுபோயிருந்தது. வயிறு தண்ணீரில் பட்டு இரண்டு தரம் எகிறி, மூக்குக் குத்தி நின்றது.

அவர் துடுப்புப் போட்ட வேகத்தைப் பார்த்தேன். இறக்கையைப் பிடித்துக்கொண்டிருந்த விமானியையும் ஓர் அதிகாரியையும் டோங்கியில் ஏற்றினார். உள்ளே மெக்கானிக் ராஜமாணிக்கம் மாட்டிக்கொண்டிருந்தான். மூன்று முறை மூழ்கியும் அவன் இடுப்பு வாரை அவிழ்க்க முடியவில்லை. விமானம் மூழ்கத் தொடங்கியதும் வலைக்கயிற்றை அறுத்து அதன் வாலில் கட்டி, மறுமுனையில் தன் மிதப்புக் கட்டையைக் கட்டிவிட்டார். கட்டையில் சிவப்புச் சிலுவையும் மூன்று கோடும் இருக்கும். அது எங்கள் படகின் அடையாளம்.

எங்கள் கரையில் அதுதான் முறை. ஆள் மூழ்கிய இடத்தில் மிதப்புக் கட்டினவன், உடல் வீட்டாரிடம் சேரும்வரை அந்த இடத்துக்குப் பொறுப்பு. மறுநாள் முக்குளிப்பவர்கள் அந்தக் கட்டையைப் பார்த்துத்தான் பையனை மேலே கொண்டுவந்தார்கள்.

விசாரிக்க வந்த அதிகாரிகளோ, பிறகு வந்து விமானத்துச் சாமானை எடுக்கத்தான் தன் அடையாளத்தைக் கட்டினான் என்றார்கள். டோங்கியை ஜெட்டியில், அதாவது படகுத்துறையில், சங்கிலி போட்டுக் கட்டினார்கள். நீங்களாவது ஒரு வார்த்தை சொல்லுங்கள் என்று கேட்க, விமானி படுத்திருந்த ஆஸ்பத்திரிக்கு நடந்தேன். ஒன்றும் நினைவில்லை என்று சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். என் வீட்டுக்காரர் போர்த்திவிட்ட துண்டு அவர் தலைமாட்டில் மடித்து வைத்திருந்தது.

பத்து நாள் கழித்து எங்களை ஆபீசுக்குக் கூப்பிட்டார்கள். குமாஸ்தா பக்தவத்சலம் நம் ஆள். இந்தியில் இருந்த காகிதத்தைத் தமிழில் சொன்னார். சாமானை எடுக்கும் எண்ணத்தில் மிதப்பைக் கட்டினேன், மன்னிக்க வேண்டும் என்று என் வீட்டுக்காரர் பெயரில் எழுதியிருந்தது.

"அங்கூட்டா வெச்சிட்டுப் போ, லூர்து. டோங்கிய இன்னைக்கே அவுத்து உட்ருவாங்க."

கைநாட்டைத்தான் அப்படிச் சொன்னார். வீட்டில் அரிசி இல்லை. என் வீட்டுக்காரர் என்னைப் பார்த்தார்.

"நீ என்ன சொல்லுத, செலினு?"

"வச்சீங்கன்னா வீட்டுக்கு வராதீங்க. டோங்கி கெடந்து மக்கட்டும்."

பக்தவத்சலம் சிரித்தார். "ஒங்க வீட்ல பெரிய சாப் யாரு, லூர்து?"

"நாந்தான்," என்றேன்.

என் வீட்டுக்காரர் கையை மடக்கிக்கொண்டு எழுந்தார். இரண்டு மழைக்காலத்தில் டோங்கி ஜெட்டியிலேயே இற்றுப்போனது. கடலில் நிமிர்ந்து நின்றவர், மர ஆலையில் தடிமரம் சுமந்து முதுகு வளைந்தார்.

அடுத்த வருஷம் ராஜமாணிக்கத்தின் அம்மா மெயின்லேண்டிலிருந்து வந்தாள். மிதப்புக் கட்டினவரைத் தேடி வந்து, அவர் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். மகன் கிடந்த இடத்தைக் காட்டச் சொன்னாள். கொண்டுபோக எங்களிடம் டோங்கி இல்லை. பாம்பூஃபிளாட் போகும் ஃபெரிப் படகில் கூட்டத்தோடு நின்று, தூரத்திலிருந்து அந்த இடத்தைக் கைகாட்டினார். அவள் எறிந்த பூவைக் காற்று திருப்பிக் கொண்டுவந்து எங்கள் காலடியில் போட்டது.

அந்தக் காகிதத்தை எழுதினவனை நான் மன்னிக்கவில்லை. பாவங்களைச் சொல்லி மன்னிப்புக் கேட்கும் பாவசங்கீர்த்தனத்தில் சாமியார் சொல்லிப் பார்த்தார். அவரிடமும் முடியாது என்று சொல்லிவிட்டேன்.