நீர்க்கரடியைக் காயவைத்த எல்வின்

"களப்பணி உதவியாளர்: திரு. எல்வின் த/பெ கிரகரி. மலைக்காடுகளில் நீண்ட அனுபவம் உள்ளவர். ஆபத்தான சூழலிலும் பதற்றமின்றி விரைந்து முடிவெடுக்கும் ஆற்றல் படைத்தவர்."

பல்கலைக்கழகத்தின் அனுமதிக் கோப்பில் இப்படித்தான் இருந்தது. எழுதியவள் நிக்கோல். ஈப்போக்காரி; மரப்பாசியில் வாழும் நுண்விலங்குகளைப் பற்றி மேற்படிப்பு ஆய்வு செய்பவள். பெண்பிள்ளை தனியாகக் காட்டுக்குள் போகக்கூடாது, அனுபவசாலி ஒருவர் துணைக்கு வேண்டும் என்று அலுவலகத்தில் சொல்லிவிட்டார்கள். கேமரன் மலையில் அவளுக்குத் தெரிந்த ஒரே ஆண்பிள்ளை, அவள் அம்மாவோடு ஒருகாலத்தில் சர்ச் பாடகர் குழுவில் பாடிய டெபோராவின் கணவர். ஆள் முதலில் கிடைத்தார். அனுபவம் பிறகு எழுத்தில் வந்து சேர்ந்தது.

எல்வினின் காட்டு அனுபவம் முழுவதும் தேயிலைத் தொழிற்சாலையின் ஜன்னல் வழியாகப் பெற்றது. எஸ்டேட் தொழிலாளர் லயத்தில் பிறந்து, அதே எஸ்டேட்டின் தொழிற்சாலையில் வேலைக்குச் சேர்ந்து, காட்டுக்கு முதுகைக் காட்டியே நாற்பத்தைந்து வயதைத் தாண்டியவர். அட்டைக்குப் பயம், இடிக்குப் பயம், தெரியாத எண்ணிலிருந்து வரும் அழைப்புக்குப் பயம். எஸ்டேட் துரை சிரித்தால் எதற்குச் சிரிக்கிறார் என்று பயம், சிரிக்காவிட்டால் ஏன் சிரிக்கவில்லை என்று பயம். காலையில் வேலைக்குக் கிளம்பி மோட்டார் சைக்கிளில் வளைவு வரை போவார். கேஸ் அடுப்பை மூடினோமா என்று பார்க்கத் திரும்பி வருவார். "ஏங்க, இது போறதா, திரும்பி வர்றதுக்காகப் போறதா?" என்று டெபோரா வாசலிலேயே நின்று கேட்பாள்.

காயவைப்பதில் மட்டும் அவருக்குப் பயமில்லை. கொழுந்தைக் காயவைத்து எடுக்கும் டிரையர் மெஷின் அவர் பொறுப்பு. தேயிலை எந்த நொடியில் காய்ந்தது, எந்த நொடியில் கருகப்போகிறது என்பது மூக்கிலேயே தெரியும். அவர் கையில் ஒரு தட்டு இலைகூடக் கருகியதில்லை. வாழ்க்கையில் மற்ற எல்லாவற்றையும் சந்தேகப்பட்டவர் இதை மட்டும் சந்தேகப்படவில்லை. வினை அங்கேதான் வந்தது.

கோலா தெர்லா போகும் சாலைக்கு மேலே உள்ள காட்டுச் சரிவில் ஆறு மரங்களை நிக்கோல் தேர்ந்தெடுத்தாள். ஒவ்வொன்றிலும் நீலக் கயிறு சுற்றி, எண் பொறித்த தகரத் துண்டைத் தொங்கவிட்டாள். அட்டை ஏறாமலிருக்கக் காலுறையில் உப்பும் புகையிலையும் திணித்துக்கொண்டு பின்னாலேயே போன அனுபவசாலி, "போதும்மா, மழ வருது," என்று வெயிலிலும் சொல்லிக்கொண்டிருந்தார். முதல் நாள் எடுத்த பாசியை மாலையில் எல்வின் வீட்டுச் சமையலறை மேசையில் நனைத்து, மைக்ராஸ்கோப்பை வைத்து அவரைக் கூப்பிட்டாள்.

"பாருங்க அங்கிள். கண்ண மூடிக்காதீங்க, கடிக்காது."

வெளிச்சக் குளம் ஒன்று. அதில் ஒரு குண்டு உருவம் நடந்து வந்தது. மழைக்கோட்டு மாட்டிய தடித்த மனிதர் சேற்றில் போவதுபோல எட்டுக் கால்களையும் தேடித் தேடி வைத்தது. நகத்தால் பாசியைப் பற்றியது, வழுக்கியது, கோபப்படாமல் மறுபடி பற்றியது.

"இதான் நீர்க்கரடி," என்றாள் நிக்கோல். "உலகத்துலயே கெட்டி உயிர்னு பேரு. தண்ணி இல்லன்னா கை கால உள்ள இழுத்து உருண்டையாயிரும். வருசக்கணக்கா அப்படியே கெடக்கும். விண்வெளிக்கு அனுப்பியே திரும்பி வந்திருக்கு அங்கிள். ஒரு சொட்டு தண்ணி விட்டா எந்திரிச்சு நடக்கும்."

"சண்டை போடுமா?"

"போடாது. சுருண்டுக்கும். அவ்ளதான்."

எல்வின் நிமிர்ந்து உட்கார்ந்தார். தொல்லை வந்தால் சுருண்டுகொள்வது, போன பிறகு எழுந்து நடப்பது. இதே கொள்கையை அவர் பிறந்ததிலிருந்து கடைப்பிடித்து வருகிறார். அவருக்குக் கிடைத்த பேர் பயந்தாங்கொள்ளி. அந்தக் குண்டுப் பூச்சிக்கோ ஆராய்ச்சி, படிப்பு, விண்வெளிப் பயணம். மறுநாளிலிருந்து தொழிற்சாலையில் தேநீர் நேரத்துப் பேச்செல்லாம் நீர்க்கரடிதான். இலை உருட்டும் மெஷினில் வேலை செய்யும் நாகப்பன், "கண்ணுக்கே தெரியாத கரடிய வெச்சு ஊருக்கே படம் காட்டுறான் லா," என்று தலையில் அடித்துக்கொண்டார்.

ஆறு மரங்களின் பாசியும் ஆறு காகிதப் பொட்டலங்களில் சேர்ந்தபோது பேராசிரியர் அவசரமாக நிக்கோலைக் கூப்பிட்டார். ஈரப் பொட்டலங்களை எல்வினிடம் கொடுத்து, "காஞ்சிரட்டும் அங்கிள், வந்து எடுத்துக்கிறேன்," என்றாள். பஸ்ஸுக்கு நேரமாகியிருந்தது. வேறெதுவும் சொல்லவில்லை. காயவைப்பதைப் பற்றி எல்வினுக்குப் போய் என்ன சொல்வது?

அன்றிலிருந்து அடைமழை. மழைக்காலத்தில் லயத்து வீடுகளில் எதுவும் காயாது. அதற்கு எஸ்டேட்டில் ஒரே வழி, டிரையருக்குப் பின்னால் சூடான தகட்டுச் சுவரையொட்டிக் கட்டிய கம்பி. பிள்ளைகளின் பள்ளிச் சப்பாத்து, கைக்குழந்தையின் துணி, கோயில் பூசாரியின் வேட்டி, புதுநன்மை வாங்கப்போகும் பெண்ணின் வெள்ளைக் கவுன் எல்லாம் அங்கே தொங்கித் தேயிலை வாசத்தோடு வீடு திரும்பும். விதிப்படி அது கூடாது. துரையின் மழைக்கோட்டும் அதே கம்பியில் தொங்குவதால் விதியை யாரும் எடுத்துப் படிப்பதில்லை.

எல்வின் துரையின் கோட்டை ஒதுக்கிவிட்டு, மிகச் சூடான இடத்தில் ஆறு பொட்டலங்களையும் வரிசையாக வைத்தார். மத்தியானத்துக்குள் பாசி மொறுமொறுவென்று ஆகிவிட்டது. மூக்கில் வைத்துப் பார்த்தார். ஈரமே இல்லை. நல்ல வேலை செய்த மனிதனின் நிம்மதியோடு வீட்டுக்குக் கொண்டுபோனார்.

மாலையில் நிக்கோலின் குரல் செய்தி வந்தது.

"அங்கிள், நியூஸ் பாத்தீங்களா? நம்ம சரிவு அப்படியே ரோட்டுல வந்து விழுந்திருச்சாம். என் மரமெல்லாம் போச்சு. நல்ல வேள, உங்ககிட்ட ஆறு பாக்கெட் இருக்கு. இனிமே அதான் என் படிப்பே. சூட்டுல மட்டும் வெச்சிராதீங்க. நெழல்ல, மெதுவா காயணும். அவசரமா காஞ்சா உருண்டையாக அதுக்கு நேரம் கெடைக்காது, செத்துரும். உங்களுக்குப் போய் நான் சொல்றேன் பாருங்க!"

எல்வின் திரும்பத் திரும்பக் கேட்டார். கடைசி வாக்கியம் ஒவ்வொரு முறையும் வேறு மாதிரி ஒலித்தது. பிறகு பதில் அனுப்பினார்: கட்டைவிரலை உயர்த்திய மஞ்சள் படம் ஒன்று.

உலகத்திலேயே கெட்டியான உயிர். விண்வெளிகூட அதை ஒன்றும் செய்யவில்லை. எஸ்டேட் டிரையர் அரை நாளில் முடித்துவிட்டது. பயந்து சுருள்வதற்குக்கூட அவகாசம் வேண்டும் என்பதை, வாழ்நாளெல்லாம் பயந்தும் எல்வின் அறிந்திருக்கவில்லை.

ஒரு சிட்டிகைப் பாசியைச் சாசரில் போட்டுத் தண்ணீர் விட்டு, டெபோராவின் கண்ணாடியை மாட்டிக்கொண்டு உற்றுப் பார்த்தார். ஒன்றும் அசையவில்லை. உயிரோடு இருந்து ஊர்வலமே போனாலும் அந்தக் கண்ணாடியில் தெரியாது என்பது அவருக்கே தெரியும். ஆனாலும் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"அந்தப் புள்ளகிட்ட சொல்லிருங்க," என்றாள் டெபோரா.

"சொல்லணும்."

"இப்ப சொல்லுங்க."

"இப்ப கிளாஸ்ல இருக்கும்."

"ராத்திரியிலயுமா கிளாஸு?"

அவர் சாசரைத் திருப்பி வைத்தார். நிக்கோல் பெயரில் கைப்பேசி அதிர்ந்தபோதெல்லாம் அதைத் தலையணைக்கு அடியில் தள்ளினார். தலையணையும் அதிர்ந்தது.

நாகப்பனிடம் விஷயம் வந்தபோது அவர் ஒரு வாய் தேநீருக்குள் வழி கண்டுபிடித்துவிட்டார். "நம்ம லயத்துக் கூரையில இல்லாத பாசியா? சொரண்டிப் போட்டுக் குடுத்துரு எல்வினு. எந்த ஊருன்னு கேட்டா எடுத்துக் காட்ட கரடி என்னா ஐசி கார்டா வெச்சிருக்கு?"

எல்வின் செய்யவும் போனார். கத்தியோடு கூரையோரம் நின்று, ஒரு கைப்பிடி சுரண்டிக் காகிதத்தில் மடித்தும்விட்டார். அப்போது ஒரு காட்சி மனதில் வந்தது. நிக்கோல் பேராசிரியர்கள் முன் நின்று, இந்த மலைச்சரிவில் இன்னின்ன உயிர் வாழ்ந்தது என்று லயத்துக் கூரைப் பூச்சியைக் காட்டிச் சொல்கிறாள். யாரோ ஒருவர் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு ஒரு கேள்வி கேட்கிறார். எல்வின் காகிதத்தைப் பிரித்தார். பொட்டலத்தைச் சாக்கடையில் கொட்டினார். அவருடைய நேர்மையில் பெரும்பகுதி பயத்தால் ஆனது. அது மற்றவர்களுடைய நேர்மையைவிட மட்டமாக உழைத்ததாகத் தெரியவில்லை.

மறுநாள் காலை நாகப்பன் வேறு பேச்சுக்கு நடுவே சொன்னார்: "ரோடு தொறந்தாச்சு லா. விழுந்த மரமெல்லாம் ஓரமா அடுக்கியிருக்கான். இன்னிக்கு லோரியில ஏத்திக் கொண்டுபோய்க் கொட்டறானாம். நீலக் கயிறுகூடச் சுத்தியிருக்கு சிலதுல, நேத்திக்கடன் மாதிரி."

எல்வின் கையிலிருந்த கோப்பையை வைத்தார். "டிரையரப் பாத்துக்கோ."

"நானா? எனக்கு என்னா தெரியும்? டேய், துரை வருவாருடா!"

மோட்டார் அதற்குள் கிளம்பிவிட்டது.

சரிவு இருந்த இடத்தில் சிவப்பு மண் பிளந்து நின்றது. தூறல் விடவில்லை. மேலிருந்து சின்னக் கற்கள் உருண்டுகொண்டிருந்தன. கொடி பிடித்து நின்ற ஆள், நிற்காமல் போகும்படி எல்லோருக்கும் கை காட்டினான். ஒரு லோரி மரங்களை ஏற்றி முடித்து இயந்திரத்தை முடுக்கியது. பின்னால் நீட்டிக்கொண்டிருந்த தண்டில் நீலக் கயிறு ஆடியது. எல்வின் மோட்டாரைச் சேற்றில் போட்டுவிட்டு லோரிக்கு முன்னால் போய் நின்றார்.

ஓட்டுநர் ஹரிதாஸ் தலையை நீட்டினார். "யோவ், சாவணுமா? தள்ளு லா!"

"அந்த மரம்... கொஞ்சம் நில்லுங்கண்ணே."

"வெறகுக்கா?"

"மரம் வேணாம். அதுமேல இருக்கிற பாசி."

"ஓ, ஆர்க்கிட் திருடுற கூட்டமா? கியா பார்ம் சந்தையில கொண்டுபோய் விக்கவா?"

"விக்கறதுக்கில்லண்ணே. அதுல கரடி இருக்கு."

ஹரிதாஸ் திரும்பி மரத்தைப் பார்த்தார். பிறகு எல்வினைப் பார்த்தார். "எத்தன?"

"தெரியல. கண்ணுக்குத் தெரியாது."

"காலையிலேயே போட்டுட்டு வந்துட்டியா?"

ஒரு கல் வந்து லோரியின் சக்கரத்தில் மோதியது. கொடிக்காரன் விசில் ஊதினான். எல்வின் நடுச்சாலையில் உட்கார்ந்துவிட்டார். மறியல் என்று ஹரிதாஸ் நினைத்தார். முழங்கால் விட்டுப்போனது என்பதுதான் உண்மை. ஆனால் பலன் ஒன்றுதான். பின்னால் வண்டிகள் ஹாரன் அடிக்கத் தொடங்கின.

"சரி, சரி, எந்திரி! ஒரு சிகரெட் முடியிற வரைக்கும். அப்புறம் உன்மேலயே ஏத்திருவேன்."

எல்வின் லோரிமேல் ஏறினார். நடுங்கும் விரல்களுக்குப் பாசி நன்றாகவே உரிந்து வந்தது. மூன்று மரங்கள் லோரியில் இருந்தன. நான்காவது கீழே குவியலில் கிடந்தது. மிச்ச இரண்டைத் தேடினார். மண் அவற்றை விழுங்கியிருந்தது. மதியச் சாப்பாட்டைச் சாலையோரம் கொட்டிவிட்டு, மூன்றடுக்கு டிபன் கேரியரில் அடுக்குக்கு ஒரு மரமாகப் பாசியை வைத்து, கூடவே அதனதன் தகர எண்ணையும் போட்டார். நான்காவது மரத்துப் பாசி அதன் எண்ணோடு தலைக்கவசத்துக்குள் போனது.

பிறகு லோரிமேல் நின்றபடியே நிக்கோலை அழைத்து எல்லாவற்றையும் சொன்னார். டிரையர், கட்டைவிரல் படம், கூரைப் பாசி.

"ஏன் அங்கிள் அன்னிக்கே சொல்லல?"

"பயமா இருந்திச்சும்மா."

"இப்ப எங்க இருக்கீங்க?"

"லோரி மேல. அந்தச் சரிவுக்குக் கீழ."

"ஐயோ, எறங்குங்க மொதல்ல! கல்லு விழும்!"

கல் விழுந்துகொண்டுதான் இருந்தது. அவர் இறங்கினார்.

மூன்றாவது வாரம் நிக்கோல் வந்து அதே சமையலறை மேசையில் எல்லாவற்றையும் நனைத்தாள். காத்திருந்து பார்த்தார்கள். டிரையரில் காய்ந்த பாசியில் நீர்க்கரடிகள் கால்களை நீட்டியபடி கிடந்தன, ஒன்றும் எழவில்லை. நான்கு மரங்களின் பாசியிலும் நடந்தன. ஒன்று இலை நுனியில் வழுக்கியது, மறுபடி பற்றியது.

"ரெண்டு மரம் போச்சு அங்கிள்," என்றாள் நிக்கோல். சமாதானமாகச் சொல்லவில்லை. டெபோரா வைத்த தேநீரை மட்டும் குடித்தாள்.

எல்வின் ஆறு மரங்களின் பாசியைச் சூட்டில் வைத்து அதிலிருந்த உயிர்களைக் கொன்றார். அதைச் சில நாள் மறைத்தார். பிறகு வேலையைப் பாதியில் விட்டுப் போய், லோரியை மறித்து, நான்கு மரங்களின் பாசியை உரித்து எடுத்து வந்து, கட்டிலுக்கு அடியில் நிழலில் பரப்பி, மெதுவாகக் காயவிட்டார்.